சாலை வளைந்த இடம்

மேற்கே காலேஜ் திறந்த நாளிலிருந்து ஈச்சம்பேட்டுக் கடைத்தெருவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஊர்களில் கடைத்தெரு என்றால், எதிரெதிரே இரண்டு மாட்டு வண்டி வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் அகலம். அதற்குள் ரைஸ் மில்லுக்குப் போகும் நெல் வண்டி, நெல்லூர் ரோட்டிலிருந்து குறுக்கே புகுந்துவிடும் லாரி, பழவேற்காட்டுக் கருவாட்டு வண்டி, காலேஜ் பஸ், மணியை அடித்துக்கொண்டே போகும் சைக்கிள் மாணவர்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? ரயில்வே கேட்டையும் மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். நடுத்தெருவில் ஒரு மாடு படுத்தால் அன்றைக்குக் காலேஜில் பாதி வகுப்புக்கு வாத்தியார் கிடையாது.

இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலேஜ் ஆண்டு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், கருவாட்டு வண்டிக்குப் பின்னால் தம் காரில் வெகுநேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. மேடையில் சந்தன மாலை போட்டும் வாடை போகவில்லை என்று சொல்வார்கள். அதற்கப்புறம் காரியங்கள் மளமளவென்று நடந்தன. சுதந்திரம் வந்து பத்து வருஷமாக ஒரு சின்னப் பாலம்கூடக் கட்டிக்கொடுக்காத சர்க்கார், ஸ்டேஷனுக்கு வடக்கே கிளம்பி, கடைத்தெருவைத் தொடாமல் வயல்வெளியாகவே போய்க் காலேஜ் வாசலில் சேரும்படி ஓர் இணைப்புச் சாலை போட முடிவு செய்தது. அளக்கிறவர்கள் சங்கிலியோடு வந்தார்கள். சிவப்புத் துணி கட்டிய முளைகளை வரிசையாக அடித்துவிட்டுப் போனார்கள்.

ஊரே மகிழ்ந்தது. குப்புராஜ் மட்டும் மகிழவில்லை. முளை வரிசை அவனுடைய கிணற்றுக் கொல்லையின் நடுவிலேயே போயிற்று. ஒரு முளை கிணற்று மேட்டில் நின்றது.

அந்தப் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் உப்புக் கரிக்கும். குப்புராஜின் கிணறு ஒன்றுதான் சித்திரை வெயிலிலும் வற்றாமல், வாயில் வைக்கும்படி இருந்தது. அதை வைத்துத்தான் அவன் மற்றவர்களைப்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிராமல் இரண்டு போகம் எடுத்தான். சர்க்கார் நிலத்துக்கு ஏதோ கொடுக்கும். கிணற்றை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கும்?

அந்தக் கிணறு அவனுக்கு வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்பன் தேசப்பனுக்கு இரண்டு பிள்ளைகள்: மூத்தவன் குப்புராஜ், இளையவன் பச்சையப்பன். பாகம் பிரித்தபோது பஞ்சாயத்தார் ஒரு நியாயம் வைத்தார்கள். கிணற்றுக் கொல்லையை எடுத்துக்கொள்கிறவன் அப்பனைக் கடைசிவரை வைத்துச் சோறு போட வேண்டும். மற்றவனுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் இருக்கும் வானம் பார்த்த துண்டு. குப்புராஜ் முந்திக்கொண்டு கிணற்றைக் கேட்டான். கிணறு அவனோடு நின்றது, அப்பன் நிற்கவில்லை. குப்புராஜின் பெண்சாதி குணசுந்தரி போட்ட சோற்றை ஒரு அறுவடை வரைக்கும் தின்று பார்த்துவிட்டு, கிழவர் தாமாகவே வரப்பைத் தாண்டி இளையவன் வீட்டுக்குப் போய்விட்டார். குப்புராஜ் தடுக்கவில்லை. போகிறவரைத் தடுப்பது மரியாதையில்லை என்று இருந்துவிட்டான்.

பச்சையப்பன் காலராவில் போனான். பிள்ளை குட்டி இல்லை. அவன் பெண்சாதி கன்னியம்மா அந்தத் துண்டு நிலத்தில், அதன் மூலையிலிருந்த கூரை வீட்டில், மாமனாரை வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். கிழவருக்குக் கால் விழுந்து, பேச்சும் குழறிப்போயிற்று. பசி மட்டும் கெட்டுப்போகவில்லை. அவள் மீனை முள் பொறுக்கிச் சோற்றோடு பிசைந்து வாயில் வைப்பாள். புருஷன் கூப்பிட்டதைப்போலவே அவளும் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டாள்.

குப்புராஜ் முளை அடித்த நாளிலிருந்து தாசில்தார் கச்சேரிக்கும் செங்கல்பட்டுக்கும் நடையாக நடந்தான். எங்கே போனாலும் ஒரே பதில்தான். சாலை நேராகப் போனால் செலவு குறைவு. கிணறா, மேடா என்று சாலைக்குத் தெரியாது.

ஸ்டேஷன் டீக்கடையில் ஹனீபிடம் இதைச் சொல்லி அங்கலாய்த்தான். ஹனீப் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்து ஆள். இந்தச் சாலைக்குச் சரளையும் ஜல்லியும் கொடுக்கும் கான்ட்ராக்ட் அவரிடம் இருந்தது. நல்ல மனிதர், நாக்கு மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. நாஷ்டாவை முடித்து டீயை ஆற்றிக்கொண்டே, ஆர்.கே.பேட்டைப் பக்கம் தாம் பார்த்த ஒரு சங்கதியைச் சொன்னார். அங்கே ரோடு போட்டபோது குறுக்கே ஒரு சமாதி வந்ததாம். வீட்டு ஆட்கள் தினம் விளக்கு வைத்துக் கும்பிடுகிற சமாதி. இன்ஜினியருக்கு அதை நோண்ட மனசு வரவில்லையாம், ரோட்டை வளைத்துக்கொண்டு போய்விட்டாராம். வழியில் இருந்த வேறு சமாதிகளை, விளக்கில்லாமல் புல் மண்டிக் கிடந்தவற்றை, பெயர்த்தெடுத்து இடுகாட்டில் போட்டுவிட்டார்களாம். கதையைச் சொல்லிவிட்டு ஹனீப் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

குப்புராஜ் எழுந்திருக்கவில்லை. அவர்கள் சாதியில் புதைப்பதுதான் வழக்கம். சொந்த நிலம் உள்ளவர்கள் நிலத்திலேயே புதைத்துச் சமாதி எழுப்புவார்கள். சமாதிக்கு இடம் இருக்கிறது, முளை வரிசைக்கு நடுவிலேயே இருக்கிறது. புதைக்க ஆள்தான் வேண்டும். சாலை வளைந்தால் எந்தப் பக்கம் வளையும் என்பதையும் அவன் அங்கேயே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தான். மேற்கே ஏரிக்கரை. கிழக்கேதான் வளைய முடியும், கன்னியம்மாவின் துண்டில். அது அவனுக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஒண்டிக்கட்டை, எங்கேயாவது கூலி செய்து பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு வாக்கியத்தில் அதை முடித்துவிட்டு, மேலே ஆகவேண்டியதைப் பார்க்கக் கிளம்பினான்.

மறுநாள் காலையில் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து ஓட்டிக்கொண்டு கன்னியம்மாவின் வாசலில் வந்து நின்றான். ஊர் பார்க்க அப்பன் காலில் விழுந்தான். பஞ்சாயத்தில் கொடுத்த வாக்கைத் தவறிவிட்டேன், இருக்கிற கொஞ்ச நாளாவது என் வீட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் செத்தாலும் எனக்கு நல்ல கதி கிடையாது என்று அழுதான். முதலைக் கண்ணீர் என்று அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கிழவருடைய முகம் மலர்ந்துவிட்டது. மூத்த பிள்ளை வந்து கூப்பிட்டுவிட்டான். கோணிய வாயால் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கன்னியம்மா சம்மதித்தாள். அவளே அவரைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தாள். வண்டியோடு வந்திருந்த குணசுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு, சோற்றைக் குழைய வடிக்க வேண்டும், ராத்திரி ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், வாயில் வலது பக்கமாக வைத்தால்தான் விழுங்குவார் என்றெல்லாம் சொன்னாள். குணசுந்தரி தலையை ஆட்டிக்கொண்டாள். ஊரில் இரண்டு நாளைக்குக் குப்புராஜின் பெயர்தான் அடிபட்டது. ரத்தம் தண்ணீராகிவிடுமா என்றார்கள்.

ஐப்பசி முழுக்கக் கிழவர் போகிற வழியாக இல்லை. கால் விழுந்தவர்தானே தவிர, மற்றபடி உரமான கட்டை. குணசுந்தரி கடனே என்று போட்ட சோற்றைக்கூட வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டார். முளைகளில் கட்டிய சிவப்புத் துணி வெளுத்துக்கொண்டே வந்தது. சாலை இன்ஜினியர் வந்து முளை போன வழியை உறுதி செய்துவிட்டால் கதை முடிந்தது. குப்புராஜ் நாளுக்கு நாலு தரம் வாசலுக்கும் அப்பன் படுக்கைக்கும் நடந்தான். கிழவர் பிள்ளை தன்மேல் இவ்வளவு கவலைப்படுகிறானே என்று கண் கலங்கினார்.

பிறகு அவன் ஒரு நாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தான். வைத்தியர் சூரணம் கொடுத்து, புளி கூடாது, மீன் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சப் பத்தியத்தைப் புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் உப்பை நிறுத்தினார்கள். அடுத்து காய்கறியை. அப்புறம் சோறும் சூரணமும் ஒத்துக்கொள்ளாது என்று கஞ்சித் தண்ணீர் மட்டும் ஆயிற்று. அதுவும் குணசுந்தரிக்கு ஞாபகம் வந்தால்தான்.

பத்தியம் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் எதிர்ப்பேச்சு கிடையாது. பத்தியத்தில் இருப்பவருக்கு வெளியிலிருந்து ஒரு வாய் கொடுத்தால் மருந்து விஷமாகி ஆளையே கொண்டுபோய்விடும் என்று நம்புகிறவர்கள். பெற்ற தாயே ஆனாலும் வாசலோடு திரும்பிவிடுவாள். கன்னியம்மாவும் அப்படித்தான் வளர்ந்தவள். அவள் ஒரு நாள் மத்தியானம், மழைக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கெண்டை மீன் குழம்பும் குழைந்த சோறும் எடுத்துக்கொண்டு வந்தாள். குணசுந்தரி வாசற்படியிலேயே கையை நீட்டி மறித்தாள்.

"நைனா பத்தியத்துல கீறாரு. நீ குடுத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

கன்னியம்மா இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். குழம்பின் வாசனைகூட உள்ளே போகக்கூடாது என்று முந்தானையால் சட்டியை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து கிழவர் அவள் குரலைக் கேட்டுவிட்டு ஏதோ குழறினார். கட்டிலின் சட்டத்தைக் கையால் தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்புராஜ் அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக, குழந்தையைத் தூங்கவைப்பதுபோலக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டான். நல்லா ஆனதும் வந்து குடும்மா என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். அவள் சரி மாமா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

கார்த்திகை பிறந்ததும் குப்புராஜ் உறவு சனத்தைக் கூப்பிட்டுப் பால் ஊற்றச் சொன்னான். இழுத்துக்கொண்டிருக்கிற உயிர் உறவுக்காரர் கைப் பால் பட்டால் நிம்மதியாகப் போகும் என்பார்கள். குப்புராஜின் அத்தை ஒருத்தி முதலில் ஊற்றினாள்; அவள் கையைக் கிழவர் இறுகப் பிடித்துக்கொண்டார். சங்கில் இருந்த பாலைக் குடித்தார், அடுத்தவள் கையிலிருந்ததையும் குடித்தார், இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தார். வந்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இது போகிற உயிரில்லை, சோறு போடுங்க என்று அத்தை சொல்லிவிட்டுப் போனாள். குப்புராஜுக்கு அன்றைக்கு வந்த கோபத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. அப்பன் தன்னை ஊர் நடுவில் அவமானப்படுத்திவிட்டதாகவே அவன் நினைத்தான். அதற்கப்புறம் கஞ்சித் தண்ணீரும் நின்றது.

மழை விடாமல் அடித்த ஒரு விடியற்காலையில் கிழவர் போய்ச் சேர்ந்தார். கன்னியம்மா ஓடி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். குளிப்பாட்டத் தூக்கியபோது அவர் உடம்பு அவள் கையில் கனக்கவே இல்லை.

"இன்னாக்கா இவ்ளோ எளைச்சிட்டாரு?" என்று குணசுந்தரியைக் கேட்டாள்.

பத்தியம் தாங்கலை என்றாள் குணசுந்தரி. கன்னியம்மா அதையும் நம்பினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம்பாமலிருக்க வேண்டுமானால், பிள்ளை அப்பனுக்கு இப்படிச் செய்வான் என்று முதலில் நினைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கிணற்றுக்குப் பத்து தப்படி இந்தப் பக்கம், இரண்டு முளைகளுக்கு நடுவே, குழி வெட்டினார்கள். சாவுக்கு வந்த ஹனீப், குழியைப் பார்த்தார், முளையைப் பார்த்தார், குப்புராஜைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போய், தணிந்த குரலில், "நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன், அண்ணாத்த" என்றார். குப்புராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் விதி பாய் என்றான். ஹனீப் கையை உருவிக்கொண்டு போய்விட்டார். ஆனால் வெளியில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சரளைக் கான்ட்ராக்ட் இருந்தது, ஊரில் பிழைக்கவும் வேண்டியிருந்தது.

கருமாதிக்கு முன்பே செங்கல் வந்து இறங்கியது. மேடை கட்டி, விளக்கு வைக்க ஒரு மாடமும் வைத்துப் பூசினார்கள். அதோடு குப்புராஜ் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். ஏற்றம் இறைக்கக்கூட ஆளை அனுப்பினான். ஏனென்று கேட்டால் இடுப்பு வலி என்பான். இன்ஜினியர் வருகிற நாள் முன்கூட்டியே தெரியும், அன்றைக்குக் காலையில் போய் ஒரு விளக்கை ஏற்றிவைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

இன்ஜினியர் சொல்லாமல் வந்தார். மார்கழியில் ஒரு சாயங்காலம், வேறெங்கோ போய்விட்டுத் திரும்பும் வழியில், ஜீப்பை ஸ்டேஷனோரம் நிறுத்திவிட்டுச் சங்கிலிக்காரர்களோடு வயலில் இறங்கிவிட்டார். செய்தி வந்தபோது குப்புராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினான். எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. புல் மண்டியிருக்குமே, நாய் படுத்திருக்குமே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான்.

இன்ஜினியர் தெற்கத்தி ஆள், வயதானவர், பேச்சில் அவசரமில்லை. முளையையும் சமாதியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"முளை அடிச்சப்போ இது இல்லையே."

"சாவு முளையப் பாத்தா சார் வருது?" என்றான் குப்புராஜ்.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. ரோட்டைத் தள்ளிவிடுவதற்காக வெறும் மண்ணைக் குவித்துச் செங்கல் வைத்த சமாதிகளைத் தாம் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார். கும்பிடுகிற சமாதி என்றால் ஒன்று, கும்பிடாதது என்றால் வேறு என்றார். பிறகு குனிந்து மாடத்துக்குள் விரலை விட்டு எடுத்தார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஒட்டியிருந்தன. மாடத்தின் மேற்பக்கம் கறுத்திருந்தது. கீழே வாடிய கனகாம்பரமும், அதற்கடியில் அதற்கு முந்தைய நாள் பூவும் கிடந்தன. சுற்றிலும் சாணி தெளித்துப் பெருக்கியிருந்தது.

குப்புராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் ஏற்றவில்லை. குணசுந்தரிக்கு அந்த எண்ணமே வந்திருக்காது. யார் ஏற்றுகிறீர்கள் என்று இன்ஜினியர் கேட்டதற்கு, நான்தான் சார், தினமும் என்று வாய் கூசாமல் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிழக்கு வரப்பில் கன்னியம்மா வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், இன்னொரு கையில் கிள்ளிய பூ.

இன்ஜினியர் குப்புராஜை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளைக் கேட்டார். அவள் கூச்சத்தோடு, ஆமாங்க, நான்தான் ஏத்தறேன், நைனா போன நாளிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை என்றாள். பெரியவர் ஒருவர் கேட்கிறாரே என்று அவளுக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது. குப்புராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடவுள் இருக்கிறார் என்று அப்போது அவன் நினைத்தான். அப்படி நினைக்க அவனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். கிழக்கே இருக்கும் துண்டு யாருடையது என்று கேட்டார். என்னுதுதாங்க என்றாள் கன்னியம்மா. அதில் அவள் நெல் கதிர் வாங்கிப் பால் பிடித்து நின்றது. மனிதர் சட்டென்று நிமிர்ந்தார். வரைபடத்தில் விரலை வைத்து, அவளுக்குப் புரியும்படி பொறுமையாக விளக்கினார். சாலை நேராகப் போனால் இந்தக் கிணறும் கொல்லையும் போகும். சமாதிக்காக வளைந்தால் அவளுடைய நிலம் முழுக்கப் போய்விடும், வீடும் நிற்காது.

"யோசிச்சுச் சொல்லும்மா. யாரும் விளக்கு ஏத்துறதில்லேன்னு நீ சொன்னா, நான் அப்படியே எடுத்துக்கிறேன். ரோடு நேரா போயிரும்."

கன்னியம்மா சமாதியைப் பார்த்தாள். பின்பு கிணற்று மேட்டில் நின்ற முளையை. இரண்டுக்கும் நடுவே அவள் கண் மெதுவாகப் போய்வந்தது. பிறகு குப்புராஜின் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குத்தான் நைனாவ இட்டுக்கினு போனீங்களா, மாமா?"

"இன்னா பேச்சு பேசற நீ?" என்றான் அவன்.

அவள் இன்ஜினியரைக் கேட்டாள். "ஏத்தலன்னு சொன்னா இவர இன்னாங்க பண்ணுவீங்க?"

"தோண்டி எடுத்து இடுகாட்டுல புதைச்சிருவாங்க."

மண்ணுக்குப் போய் முழுசாக ஒரு மாசம்கூட ஆகாத உடம்பு. அதைக் கடப்பாறை போட்டுக் கூலியாட்கள் வெளியே எடுப்பார்கள். குப்புராஜ் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இடத்தில் தான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தோண்டு என்று சொல்லியிருப்பான், கேட்ட வாய் மூடுவதற்குள். கடப்பாறையைக்கூடத் தானே எடுத்துக் கொடுத்திருப்பான். அதனால்தான் அவன் அப்படிப் பயந்தான். எல்லாரும் தன்னைப்போலத்தான் இருப்பார்கள் என்று அவன் அதுவரை நம்பியிருந்தான்.

"ஏத்தறேன் சார்," என்றாள் கன்னியம்மா. "தெனம் நான்தான் ஏத்தறேன்."

இன்ஜினியர் இன்னொரு முறை கேட்கவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார். சங்கிலிக்காரர்கள் கிணற்று மேட்டு முளையைப் பிடுங்கினார்கள். கிழக்கு வரப்பைத் தாண்டி, பால் பிடித்த நெல்லை மிதித்துக்கொண்டு போய் அடித்தார்கள். அவர்கள் அடித்து முடிக்கிற வரைக்கும் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மாடத்தைத் துடைத்து, பூ வைத்து, விளக்கை ஏற்றினாள்.

அன்றைக்குக் குப்புராஜ் வயிறார உண்டு, கவலையில்லாமல் தூங்கினான்.

மறுநாள் பிற்பகலில் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கன்னியம்மாவின் நெல்லில் இறக்கிவிட்டான். எப்படியும் மண்ணோடு மண்ணாகப் போகிற பயிர், மாட்டு வயிற்றுக்காவது ஆகட்டுமே என்பது அவன் நியாயம். அறுக்கிறவரைக்கும் விட்டுவைக்கச் சர்க்கார் அவகாசம் கொடுக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அவள் கத்திக்கொண்டு ஓடி வருவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றான். சமாதிப் பக்கம் போக அவனுக்கு இப்போது பயமில்லை.

அவள் வழக்கமான நேரத்துக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். கதிரைச் சுருட்டிச் சுருட்டி மென்றுகொண்டிருந்த மாடுகளைப் பார்த்தாள். விரட்டவில்லை. வந்து விளக்கை ஏற்றினாள். அவள் சும்மா இருந்ததுதான் குப்புராஜுக்குப் பொறுக்கவில்லை. என்னவாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. சொன்னான்:

"மேலேர்ந்து ஆர்டர் வர்ற வரைக்கும் வெளக்க நிறுத்திடாத, கன்னிம்மா. இன்னொரு தபா வந்து பாத்தாலும் பாப்பாங்க."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

சித்திரையில் சாலை முடிந்தது. காலேஜ் பஸ் நேரத்துக்குப் போயிற்று, கருவாட்டு வண்டியும் லாரியும் ஒன்றையொன்று உரசாமல் போயின, கடைத்தெருவில் மறுபடியும் மனிதர்கள் நடந்தார்கள். நல்ல சாலை, அதில் சந்தேகமில்லை. கிணற்றுக் கொல்லை சாலையோர நிலமாகி, அதைக் கேட்டுப் பலர் வந்தார்கள். குப்புராஜ் பிகு பண்ணிக்கொண்டிருந்தான். கன்னியம்மாவுக்குக் கிடைத்த நஷ்ட ஈடு பழைய கடனுக்கும் நிலத்தின் கந்தாய வரிப் பாக்கிக்கும் சரியாகப் போயிற்று. சாலை வேலை நடந்தபோதே, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஓலைச் சார்ப்பில் இருந்துகொண்டு ஹனீபிடம் ஜல்லி உடைக்கப் போய்விட்டாள். ஹனீப் அவளுக்கு நேரே நின்று பேசுவதில்லை, கூலியை வேறு ஆளிடம் கொடுத்தனுப்புவார். அவள் நெல் நின்ற இடத்தில் கொட்டியதில் அவள் உடைத்த ஜல்லியும் இருந்தது.

ஒரு சாயங்காலம் குப்புராஜ் புதிதாகப் போட்ட ஆயில் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். கையெல்லாம் கல் பட்ட காயம். எண்ணெய்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவனுக்கு அன்றைக்கு மனசு நிறைவாக இருந்தது, அதனால் கொஞ்சம் தாராளமாகவே பேசினான்.

"ஆர்டரும் வந்துச்சு, ரோடும் போட்டாச்சு. இனிமே எதுக்கு எண்ணெயத் தண்டமா ஊத்திக்கினு கீற? உட்டுடு."

கன்னியம்மா மாடத்துக்கு முன்னால் குந்தி, கிண்ணத்திலிருந்ததைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றித் திரியை ஏற்றினாள். எழுந்து அவனைப் பார்க்காமல், தன் நிலத்தின் மேல் போட்ட சாலையில் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.